கச்சானுக்கு வடகரை, வாடைக்குத் தென்கரை: ராமநாதபுரம் கடலோரத்தில் ஷூட்டிங் போடும் முன்

ராமநாதபுரம் கடலோரத்தில் குறும்படமோ ஆவணப்படமோ எடுக்க வருகிறவர்கள் ஸ்கிரிப்டை முடித்து, நடிகர்களிடம் தேதி வாங்கி, கேமராவுக்கு அட்வான்சும் கொடுத்துவிட்டுத்தான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விசாரிக்கிறார்கள். இங்கே அந்த வரிசை எடுபடாது. முதலில் மாதம், அடுத்து கரை, அதற்கு அப்புறம்தான் நடிகர் தேதி. கீழே எழுதியிருப்பதெல்லாம் சின்ன யூனிட்டை மனதில் வைத்து: 12 பேர், 1 கேமரா, 3 நாள், 12 நிமிடப் படம்.

இரண்டு கடல்

மண்டபம் முனையும் ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒடுங்கிய நிலம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் முன்னதைப் பெண்கடல், பின்னதை ஆண்கடல் என்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தென்கரையில் அலை எழும்பும், மணல் பறக்கும், வசனம் ஒன்றுகூடக் காதில் விழாது. அதே நாளில் வடகரைக்குக் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் கரையோரத் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். அக்டோபரில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கியதும் எல்லாம் தலைகீழ்: வடகரை கொந்தளிக்கும், தென்கரை பரவாயில்லை என்று இருக்கும். மழையும் அந்த மாதங்களில்தான்.

அதனால் கடற்கரைக் காட்சி ஒவ்வொன்றுக்கும் இரண்டு லொகேஷன் பார்த்து வைக்க வேண்டும், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. வேறு கடற்கரைகளில் மாற்று லொகேஷன் என்றால் பல கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். இங்கே பாம்பன் வடக்குக் கரையிலிருந்து தென்கரையில் இருக்கும் தெற்குவாடிக்கோ குந்துகாலுக்கோ போவது சின்னப் பயணம். மண்டபத்திலும் வடக்கு, தெற்கு என இரண்டு இறங்குதளங்கள் இருக்கின்றன. இந்த வசதியைப் பயன்படுத்தாமல், காற்று நிற்கட்டும் என்று யூனிட்டை வேனில் உட்கார வைப்பது வீண் செலவு.

ஆனால் கரை மாறினால் வெளிச்சமும் மாறும். ஜனவரியில் மதியச் சூரியன் உச்சியிலிருந்து 30 டிகிரி அளவுக்குத் தெற்கே சாய்ந்திருக்கும். வடகரையில் நடிகரைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் அவர் பார்ப்பது தெற்கு. முகத்தில் வெளிச்சம் விழும், பின்னால் கடல் நீலமாக நிற்கும். அதே ஷாட்டைத் தென்கரையில் வைத்தால் கேமரா தெற்கே பார்க்கும். கடல் வெள்ளியாக மினுங்கும், முகம் கறுக்கும். ஒரே காட்சியின் பாதியை இங்கேயும் மீதியை அங்கேயும் எடுத்தால் எடிட்டில் ஒட்டவே ஒட்டாது. ஒரு காட்சியைத் தொடங்கினால் அதே கரையில் முடியுங்கள். மாற்றுவதாக இருந்தால் காட்சியை முழுசாக மாற்றுங்கள். ஷாட் டிவிஷன் எழுதும்போதே இரண்டு கரைக்கும் தனித்தனியாக நிற்கும் இடமும் பார்க்கும் திசையும் குறித்து வைத்தால், ஸ்பாட்டில் ஒளிப்பதிவாளரும் இயக்குநரும் மணலில் கோடு போட்டு வாதாட வேண்டியிருக்காது.

ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், மணி 12:15 வாக்கில். கண்குழி இரண்டும் கறுப்பாகத் தெரியும். அந்தத் தேதிகளில் 10:30 முதல் 3 மணி வரை வெளியே குளோசப் வைக்காதீர்கள்.

எந்த மாதம்

என்னைக் கேட்டால் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. வாடை தளர்ந்திருக்கும், கச்சான் பிறந்திருக்காது. ஆனால் கதைக்கு என்ன தேவை என்பதையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், பல படகுகளை மேலே ஏற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். படகு பழுதுபார்க்கும் காட்சி வேண்டும் என்றால் இதைவிட நல்ல நேரம் கிடையாது. கடலிலிருந்து படகுகள் அணிவகுத்துத் திரும்பும் காட்சி வேண்டும் என்றால் இதைவிட மோசமான நேரமும் கிடையாது.

தடை இல்லாத மாதங்களிலும் ராமேஸ்வரம் விசைப்படகுகள் தினமும் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு, மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு என்பது ஏற்பாடு. வழக்கமாகத் திங்கள், புதன், சனி புறப்பட்டு மறுநாள் காலை கரை சேர்வார்கள். அப்படியானால் ஏலக்கூடத்துப் பரபரப்பு கிடைப்பது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில்தான். திங்கள் காலை ஏலக் காட்சி என்று கால்ஷீட் (அந்த நாளின் படப்பிடிப்புத் திட்டத் தாள்) போட்டால் காலிக் கூடையையும் காக்கையையும்தான் எடுக்க வேண்டும். மீனவர்கள் கைதானால் வேலைநிறுத்தம் வரும். அது எந்த ஷெட்யூலிலும் இருக்காது. ஆகவே மீன் ஏலம், படகு திரும்புதல் இரண்டையும் முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள். அந்த முதல் நாள் செவ்வாயோ ஞாயிறோ என்றால், தவறினாலும் மூன்றாம் நாள் கையில் இருக்கும்.

தை அமாவாசை, ஆடி அமாவாசை நாள்களில் ராமேஸ்வரம் மட்டுமல்ல, தேவிபட்டினம், சேதுக்கரை எல்லாமே நிரம்பி வழியும். லாட்ஜ் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை வேறாக இருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன் வரிசை. பிப்ரவரி, மார்ச்சில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா வரும். அந்த நாள்களில் படகும் இருக்காது, படகு ஓட்டுபவரும் இருக்க மாட்டார்.

ஷாட் கணக்கு

உதயம் ஜனவரி கடைசியில் 6:35ஐ ஒட்டி, ஜூனில் 5:55ஐ ஒட்டி. அஸ்தமனம் நவம்பர் தொடக்கத்தில் 5:50, ஜூனில் 6:35. இந்த அட்சரேகையில் சூரியன் சரசரவென்று ஏறிவிடும். உதயத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் 20 டிகிரி உயரத்தைத் தொட்டுவிடும். அந்தி வெளிச்சம் 20 நிமிடம் நிற்பதே அதிகம். தங்க வெளிச்சத்தில் நான்கு பக்க வசனம் என்று ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் அதை இரண்டு அந்தியாகப் பிரிக்க வேண்டும்.

பிப்ரவரியில் வெளிப்புறத்துக்கு உருப்படியான நேரம் காலை 6:30 முதல் 9:30 வரை, மாலை 3:45 முதல் 6:15 வரை. மொத்தம் ஐந்தரை மணி நேரம். மணலில் டிரைபாட் தூக்கி, ரிஃப்ளெக்டர் மாற்றி, நடிகரின் காலடித் தடத்தைத் துடப்பத்தால் பெருக்கி அழித்து (இதை எல்லோரும் மறக்கிறார்கள்: இரண்டாவது டேக்கில் ஏற்கெனவே ஒருத்தர் நடந்த தடம் தெரியும்) அடுத்த ஷாட்டுக்கு வர 24 நிமிடம் என்று வையுங்கள். காலையில் 7, மாலையில் 6. ஒரு நாளைக்கு 13. மூன்று நாளைக்கு 39. 12 நிமிடப் படத்துக்கு 70 ஷாட் எழுதி வைத்திருப்பவர்கள் சென்னையை விட்டுக் கிளம்பும் முன்பே வெட்டுவது நல்லது. இங்கே வந்து வெட்டினால், எடுக்காமல் விட்டுப்போவது பெரும்பாலும் கதைக்குத் தேவையான ரியாக்‌ஷன் ஷாட்டாகத்தான் இருக்கும்.

மதிய நேரத்துக்கு வீட்டுக்குள் நடக்கும் காட்சி, வலை பின்னும் கொட்டகை, டீக்கடை. இவற்றை எழுதும்போதே யோசித்து வைக்க வேண்டும். கதை முழுக்க வெட்டவெளி என்றால் மதியம் யூனிட்டுக்குச் சாப்பாடும் தூக்கமும்தான், பேட்டா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

நேரக் கணக்குக்கு ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற சூத்திரத்தைத் தமிழ் ஸ்கிரிப்டில் நம்பாதீர்கள், அதிலும் காட்சியை இடப்பக்கமும் வசனத்தை வலப்பக்கமும் பிரித்து எழுதியதில். ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். வசனம் இல்லாத வரிகளையும் நடித்துப் பார்த்தே நேரம் குறியுங்கள். வலையை உதறி மடிப்பது ஸ்கிரிப்டில் ஒரு வரி. திரையில் 40 விநாடி.

காட்சி வாரியாகப் பிரித்து எழுதும் தாளில் வழக்கமான நடிகர், பொருள், உடை, ஒலி கட்டங்களோடு மூன்று கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்தக் கரை, எந்தக் காற்று, யார் அனுமதி.

அனுமதி

இதற்கு மட்டும் ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள். அரசு இடங்களுக்கான விண்ணப்பம் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகப் போகும். கலெக்டர் அலுவலகம், உள்ளூர் காவல் நிலையம் இரண்டிலும் நகல் கொடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டில் கேட்கிறவருக்கு அந்த முத்திரைதான் கண்ணில் படும்.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986ல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள். அங்கே கால் வைப்பதே தடை. படமெடுக்க வனத்துறையின் முதன்மை வன உயிரினக் காப்பாளரிடம் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை ராமநாதபுரத்தில் இருக்கும் பூங்காவின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் தொடங்கலாம். சின்னப் படத்துக்கு இது தேவைதானா என்று ஒருமுறை யோசியுங்கள். முழங்கால் தண்ணீரில் நின்று கரையைப் பார்த்துக் கேமரா வைத்தால் ஆளில்லாத எந்தக் கரையும் தீவுதான். தனுஷ்கோடியிலும் 2025ல் பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். பறவை கூடும் உப்பங்கழிப் பக்கம் கேமராவைத் திருப்பும் முன் வனத்துறையிடம் எல்லை எது என்று வரைபடத்தில் குறித்து வாங்குங்கள்.

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் 1964 டிசம்பர் புயலின் மிச்சம். சுவர்கள் உதிர்கின்றன. நடிகரை ஏற விடாதீர்கள், விளக்கு ஸ்டாண்டைச் சாய்க்காதீர்கள். இருட்டும் முன் போலீஸ் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். காலையிலும் சோதனைச் சாவடி திறக்கும் நேரம் உண்டு. தனுஷ்கோடி நிலம் முடியும் அரிச்சல்முனையில் உதயம் எடுக்க வேண்டும் என்றால் விடியலுக்கு முன் நுழைவதற்கான அனுமதி கடிதத்தில் தனி வரியாக இருக்க வேண்டும். "பகலில் படப்பிடிப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால் சாவடியில் நின்றபடியே உதயத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

ட்ரோன் விஷயத்தில் இந்தக் கரை மிகவும் கறார். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல் படை, அந்தப் பக்கம் சர்வதேசக் கடல் எல்லை. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் லொகேஷன் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 250 கிராம் வரையிலான நானோ ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பது உண்மைதான். சிவப்பு மண்டலத்தில் அதற்கும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். என் கணக்கில் ட்ரோன் ஷாட் இல்லாமல் நிற்கும் கதையாக எழுதுவதே புத்திசாலித்தனம். பாம்பன் சாலைப் பாலத்தின் உயரமே நல்ல வான்பார்வை தரும், ஆனால் அங்கே வண்டி நிறுத்த அனுமதி வேண்டும்.

ரயில் பாலத்துக்கும் நிலையத்துக்கும் தெற்கு ரயில்வே அனுமதி. பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும். இரண்டு பக்கமும் விரிந்து திறக்கும் பாலத்தை ஸ்கிரிப்டில் இன்னும் வைத்திருப்பவர்கள் கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று முடிவு செய்யட்டும். ரயில் ஒவ்வொன்றும் ஒரே டேக். மூன்று கோணம் வேண்டும் என்றால் மூன்று ரயில், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு நாள்.

ராமநாதசுவாமி கோயில் பிராகாரம் எல்லோருக்கும் ஆசை. உள்ளே போனுக்கே அனுமதி இல்லை. அதை நம்பி எழுத வேண்டாம்.

படகும் கடலும்

படகில் யூனிட்டை ஏற்றுவது நினைப்பதுபோல் எளிதல்ல. விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் வேண்டும். மீனவர்களிடம் அடையாள அட்டை இருக்கும், உங்களிடம் இருக்காது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் கடலோரக் காவல் படைக்கும் ஆள் பட்டியல், ஆதார் நகல், படகின் பதிவு எண், புறப்படும் திரும்பும் நேரம் எல்லாம் முன்கூட்டியே போக வேண்டும். கடல்காட்சியைக் கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே முடியுங்கள். கேமராவைக் கீழே தாழ்த்தி அடிவானத்தை மட்டும் பார்த்தால் நடுக்கடலாகத்தான் தெரியும்.

ஒரு வத்தையில் (சின்ன நாட்டுப்படகு) கேமராமேன், ஃபோகஸ் பார்ப்பவர், ஒலிப்பதிவாளர், நடிகர், படகோட்டி என ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். ஷாட்டில் இருக்கும் நடிகர் மட்டும் டேக்கின்போது கழற்றலாம், அப்போது அருகிலேயே இரண்டாவது படகு நிற்க வேண்டும். அரிச்சல்முனையில் தண்ணீருக்குள் நடிகரை இறக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரண்டு நீரோட்டம் சேரும் இடம், சட்டென்று ஆழமாகும்.

கரைவலை இழுப்பதை எடுப்பதாக இருந்தால் அதை நடிக்கச் சொல்ல முடியாது. வலை போட்டு இழுத்து மடி (மீன் சேரும் வலைப்பை) கரைக்கு வர மணிக்கணக்காகும், ஒருமுறைதான் நடக்கும். அந்த ஒரு காலைக்கு மட்டும் இரண்டாவது கேமரா வாடகைக்கு எடுங்கள்; ஒன்று மடியில், ஒன்று கயிறு இழுக்கும் ஆள்களின் முகத்தில்.

கருவி

வெயிலில் ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் 50ல் ஒன்று, எஃப் 5.6 என்று வைத்தால் 7 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) வெளிச்சம் கூடுதலாக வரும். மணலும் கடலும் சேர்ந்து இன்னொரு ஸ்டாப் ஏற்றும். அதனால் லென்ஸ் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் 4 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தால் போதாது. 8 ஸ்டாப் வரை போகும் தொகுப்பு வேண்டும். மலிவான வேரியபிள் என்.டி. உச்சத்தில் வானத்தில் கறுப்புச் சிலுவை விழவைக்கும். வாடகைக் கடையிலேயே வெள்ளைச் சுவரைப் பார்த்துச் சோதியுங்கள். டியூப்லைட் எரியும் வீட்டுக்குள் ஷட்டர் 50லோ 100லோதான். இல்லாவிட்டால் படத்தில் வரி ஓடும்.

கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள், அல்லது அன்றைக்கு ஒரே ஜூம் லென்ஸ். ஏ.சி. அறையிலிருந்து விடியலில் வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஈரம் படியும். பையை மூடியபடி 30 முதல் 45 நிமிடம் வெளியே வைத்துப் பிறகு திறக்க வேண்டும். 6:35 உதயத்துக்கு 5:30க்கே பை வெளியே வந்துவிட வேண்டும் என்று கால்ஷீட்டில் எழுதுங்கள். இரவில் டிரைபாட் கால்களைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவ ஒரு ஆளையும், ஒரு வாளியையும் பெயர் போட்டு ஒதுக்குங்கள்.

ஒலிக்கு ரோமம் வைத்த காற்றுத் தடுப்பு இல்லாமல் பூம் மைக் வெளியே வரக்கூடாது. ஆனாலும் அலைச் சத்தத்தின் மேல் பேசிய வசனத்தை வெட்டி ஒட்டினால் பின்னணி குதிக்கும். ஒவ்வொரு கரையிலும் யாரும் பேசாமல் 5 நிமிட அலைச் சத்தம் தனியாக எடுக்க நேரம் ஒதுக்குங்கள். இரண்டு கடலின் சத்தமும் வேறு வேறு. லொகேஷன் பார்க்கப் போகும்போதே பாங்கு நேரம், கோயில் ஒலிபெருக்கி, நாட்டுப்படகு எஞ்சின் புறப்படும் நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஷூட்டிங் எந்த மணிக்கோ அந்த மணிக்கே போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிறு மதியம் பார்த்த தனுஷ்கோடியை வைத்துச் செவ்வாய் காலைக்குத் திட்டம் போடக்கூடாது.

தனுஷ்கோடிப் பக்கம் கரன்டை நம்ப வேண்டாம். பேட்டரி எண்ணிக்கையை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்காக்குங்கள். கார்டுக்குக் கணக்கு எளிது: விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜி.பி.; 400 மெகாபிட் என்றால் 180. 12 நிமிடப் படத்துக்கு 1:10 விகிதம் என்றால் 2 மணி நேரக் காட்சி. 400 மெகாபிட்டில் 360 ஜி.பி. அதை இரண்டு ஹார்டுடிஸ்கில் போட வேண்டும், இரண்டும் இரண்டு பேர் பையில் இருக்க வேண்டும்.

குடிதண்ணீர் ஒருவருக்கு நாளைக்கு 5 லிட்டர்: 12 பேருக்கு 20 லிட்டர் கேன் மூன்று. நிழல் எங்கும் கிடையாது, ஷாமியானாவும் அதை மணலில் பிடித்து நிறுத்த மணல் மூட்டைக்குக் காலிச் சாக்கும் கொண்டு வாருங்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் ஐந்து மணி நேரக் காட்சி வைப்பது யூனிட்டில் இருக்கும் பெண்களுக்குத்தான் தண்டனை; அருகில் ஒரு வீட்டிலோ கடையிலோ முன்பே பேசிப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்யுங்கள்.

சட்டத்தில் சிக்கும் சில்லறை விஷயங்கள்

ஆர்ட் டைரக்‌ஷன் ஆள்கள் கரையில் கிடக்கும் பவளக் கல்லைப் பொறுக்கிச் செட்டில் வைப்பார்கள். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. கடையில் விற்கும் சங்கு வகைகளிலும் சில அப்படித்தான். பிளாஸ்டர் பிரதி போதும். ஆடு, மாடு, நாய் நடிக்கும் கதைப்படம் சென்சாருக்குப் போவதாக இருந்தால் விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். சிறுவர்கள் நடித்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி, நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வைப்பு நிதி.

ஊரும் பணமும்

படகுக்கு என்ன கொடுப்பது என்பதைப் படகு உரிமையாளரிடம் மட்டும் பேசி முடிக்காதீர்கள். ஊர்த் தலைவர் அல்லது மீனவர் சங்கம் முன்னிலையில் பேசுங்கள். அன்றைக்குக் கடலுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் வருமானம், டீசல், வேலையாள்களின் கூலி என மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். "படகு வாடகை" என்று ஒரே தொகையாகச் சொன்னால் கூலி யார் கொடுப்பது என்பதில் இரண்டாம் நாள் தகராறு வரும். கரையில் தெரியும் முகங்களுக்கு ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். படிக்கத் தயங்குபவர்களுக்குப் படித்துக் காட்டி, சம்மதத்தைக் கேமராவிலேயே பதியுங்கள். கடல்பாசி எடுக்கும் பெண்களைப் படம் பிடிப்பதாக இருந்தால் முதல் நாள் கேமரா இல்லாமல் போங்கள், மாதத்தில் எந்த நாள்கள் கடலில் இறங்குகிறார்கள் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

பட்ஜெட்டில் எதிர்பாராச் செலவுக்கு வழக்கமாக 10 சதவீதம் வைப்பார்கள். இங்கே 20 வையுங்கள், அதில் பாதியை ஒரு கூடுதல் நாளுக்கான சாப்பாடு, தங்குமிடம், வேன் என்று பெயர் எழுதியே வையுங்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் டோக்கன் நிற்கும், தனுஷ்கோடிச் சாலையும் மூடலாம். முந்தைய நாள் மாலை 6 மணிக்கு வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) அலை முன்னறிவிப்பையும் பார்த்து, 7 மணிக்குள் கால்ஷீட்டை முடிவு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். அதற்கு மேல் அனுப்பினால் விடியலில் கடைக்காரர் 12 பேருக்கு இட்லி வைத்திருக்க மாட்டார்.